கட்-அவுட்: புல்லட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த ஒரு சின்னப் பெட்டியின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையில ஆரம்பிக்குது: கட்-அவுட்.

தமிழ்நாட்டுல இந்த வார்த்தையச் சொன்னா உடனே என்ன ஞாபகம் வரும்? தியேட்டர் வாசல்ல மாலையோட நிக்கிற ஹீரோ, இல்லன்னா மாநாட்டுப் பந்தல்ல நிக்கிற தலைவர். ஆனா கொஞ்சம் வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருத்தர்கிட்ட போய் "அண்ணே, பேட்டரி சார்ஜ் ஏறல"ன்னு சொல்லிப் பாருங்க. "கட்-அவுட்டப் பாத்தியா?"ன்னு கேப்பார். அவர் சொல்றது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிய. புத்தகத்துல அதுக்குப் பேரு வோல்டேஜ் ரெகுலேட்டர். அப்ப நம்ம ஆளுங்க ஏன் அதைக் கட்-அவுட்னு கூப்பிடுறாங்க? தப்பாச் சொல்றாங்களா? இல்ல. அந்தப் பேருக்குள்ள நூறு வருஷ வரலாறு ஒண்ணு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

முதல்ல அடிப்படை. வண்டியில மின்சாரம் வந்த ஆரம்ப காலத்துல அதைத் தயாரிச்சது டைனமோ. சுத்துற ஆர்மேச்சர், அதுல உரசுற கார்பன் பிரஷ், சுத்தி ஃபீல்டு காயில். நேர்மின்சாரம் கிடைக்கும். அதுக்கு முன்னாடி கார்பைடு விளக்குதான்: கார்பைடு கல்லுல தண்ணி சொட்டி, கேஸ் வந்து, அதைக் கொளுத்தி ராத்திரி ஓட்டினாங்க. அதோட ஒப்பிட்டா டைனமோ சொர்க்கம். ஆனா அதுக்கு ரெண்டு கெட்ட பழக்கம் உண்டு.

ஒண்ணு, இன்ஜின் மெதுவா ஓடினாலோ நின்னாலோ டைனமோவோட வோல்டேஜ் பேட்டரியவிடக் கீழ இறங்கிடும். அப்ப பேட்டரியில இருக்கிற மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள்ள பாயும். ராத்திரி வண்டிய நிறுத்திட்டுத் தூங்கப் போனா, காலையில பேட்டரி காலி. டைனமோ காயிலும் கருகிப் போகலாம். இதைத் தடுக்க ஒரு தானியங்கி சுவிட்ச் வேணும். டைனமோ வோல்டேஜ் பேட்டரிய மிஞ்சினா சேர்க்கணும், குறைஞ்சா துண்டிக்கணும். அந்தச் சுவிட்ச்தான் கட்-அவுட். ஒரு இரும்புத் துண்டுல செம்புக் கம்பி சுத்தி, ஒரு ஜோடி பாயிண்டு வெச்சா முடிஞ்சது.

ரெண்டாவது பழக்கம் இன்னும் மோசம். வேகம் கூடக் கூட டைனமோ வோல்டேஜ் ஏறிக்கிட்டே போகும். 6 வோல்ட் பல்பு, 6 வோல்ட் பேட்டரி வெச்ச வண்டியில இதை விட்டா பல்பு பொட்டுனு போகும், பேட்டரித் தண்ணி கொதிக்கும். இதுக்கு ஆரம்பத்துல கண்டுபிடிச்ச வழி "மூணாவது பிரஷ்". டைனமோவுக்குள்ள கூடுதலா ஒரு பிரஷ் வெச்சு, வேகம் கூடினா ஃபீல்டு தானா பலவீனமாகுற மாதிரி செஞ்சாங்க. கரண்டு ஓரளவு கட்டுக்குள்ள இருந்துச்சு. ஆனா பேட்டரி நிறைஞ்சிருக்கா காலியா இருக்கான்னு அந்த பிரஷ்ஷுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஏத்திக்கிட்டே இருக்கும்.

அப்ப யாரு பாத்துக்கிட்டது? ஓட்டுறவர்தான்! 1930கள்ல வந்த பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள் பலதுல விளக்கு சுவிட்ச்சுலயே "பாதி சார்ஜ்", "முழு சார்ஜ்"னு தனித்தனி நிலை இருந்துச்சு. பகல்ல நெடுந்தூரம் போறீங்களா, பாதியில வைங்க. ராத்திரி விளக்குப் போட்டா முழுசுல வைங்க. நம்ம வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான், திருப்புறது நம்ம கை. மறந்துட்டா பேட்டரி தண்டம்.

இப்ப வார்த்தைக்கு வருவோம். அந்தக் காலத்துல வண்டியில இருந்த பெட்டிக்குள்ள ரெகுலேட்டரே கிடையாது. இருந்தது கட்-அவுட் மட்டும்தான், அதனால பெட்டிக்கே அந்தப் பேரு. பிறகு அதே பெட்டிக்குள்ள பக்கத்துல இன்னொரு காயில் குடிவந்துச்சு, அதுதான் ரெகுலேட்டர். வீட்டுக்குப் புது ஆள் வந்தாலும் தெருவுல பழைய பேருதான நிக்கும்! நம்ம பட்டறைகள்ல இன்னமும் வாழுற அந்தப் பேரு மூணு பிரஷ் காலத்தோட மிச்சம்னுதான் எனக்குத் தோணுது.

புதுசா குடிவந்த அந்தக் காயில்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம். கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போவோம்.

பர்மிங்ஹாம்ல லூகாஸ்னு ஒரு கம்பெனி. ஜோசப் லூகாஸ் ஆரம்பிச்சது. 1879ல "கிங் ஆஃப் தி ரோடு"ன்னு ஒரு சைக்கிள் விளக்கு வித்துப் பெயர் வாங்கினவங்க. 1930களோட பிற்பாதியில மோட்டார்சைக்கிளுக்கு அவங்க கொண்டுவந்த முறை "காம்பென்சேட்டட் வோல்டேஜ் கண்ட்ரோல்". அது வேலை செய்யற விதம் இதுதான். டைனமோவோட ஃபீல்டு காயிலுக்குப் போற மின்சாரம் ஒரு ஜோடி பாயிண்டு வழியா போகுது. சாதாரணமா பாயிண்டு மூடியிருக்கும், ஃபீல்டு முழு பலத்துல இருக்கும், வோல்டேஜ் ஏறும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினதும் ரெகுலேட்டர் காயில் காந்தமாகி பாயிண்டத் திறக்கும். இப்ப ஃபீல்டு மின்சாரம் ஒரு ரெசிஸ்டர் வழியா சுத்திப் போகணும். ஃபீல்டு பலவீனமாகும், வோல்டேஜ் இறங்கும், ஸ்பிரிங் இழுத்து பாயிண்டு மூடும். மறுபடி ஏறும், மறுபடி திறக்கும். ஒரு வினாடிக்குள்ள பல தடவை.

என்னை மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு இது என்னன்னு உடனே புரியும். ஒரு இஃப், ஒரு எல்ஸ், முடிவில்லாத லூப். பாயிண்டு எவ்வளவு நேரம் மூடியிருக்கு, எவ்வளவு நேரம் திறந்திருக்குங்கற விகிதம்தான் வோல்டேஜத் தீர்மானிக்குது. இன்னைக்கு எல்.இ.டி. பல்போட வெளிச்சத்தக் குறைக்க நாங்க சிப்புல செய்யறதும் இதே வேலைதான். அவங்க அதை ஒரு ஸ்பிரிங்கையும் செம்புக் கம்பியையும் வெச்சு முடிச்சுட்டாங்க.

இன்னொரு நுணுக்கம். வெயில்ல பேட்டரிக்குக் கம்மி வோல்டேஜ் போதும், குளிர்ல கொஞ்சம் கூட வேணும். அதுக்காக ஸ்பிரிங்கோட ரெண்டு உலோகம் ஒட்டின ஒரு பட்டை வெச்சாங்க. சூடு ஏறினா அது வளைஞ்சு, பாயிண்டு சீக்கிரமே திறக்கும். அதாவது பர்மிங்ஹாம் பனியில செஞ்ச பெட்டிக்கு நம்ம சித்திரை வெயிலையும் புரிஞ்சுக்கத் தெரியும். லூகாஸ பிரிட்டிஷ்காரங்களே "இருட்டின் இளவரசன்"னு கிண்டல் பண்ணுவாங்க. அந்தக் கிண்டல்ல பாதி, பெட்டிய ஒழுங்கா மெயின்டெய்ன் பண்ணாதவங்க கிளப்பினதுன்னு நினைக்கிறேன்.

சரி, இந்தப் பெட்டி நம்ம கரைக்கு எப்படி வந்துச்சு?

1950களோட தொடக்கத்துல இந்திய ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு மோட்டார்சைக்கிள் தேவைப்பட்டுச்சு. தேர்வானது இங்கிலாந்து ரெட்டிச்ல செஞ்ச 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட். 1955ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவத் தொடங்கினாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல உதிரியா வந்த பாகங்களச் சேர்த்து முடுக்கினாங்க. 1957ல தளவாடங்கள் வந்துச்சு. 1962 வாக்குல முழு வண்டியும் இங்கயே தயாராச்சு. அந்த ஆரம்ப கால புல்லட்டுகள்ல லூகாஸ் மேக்டைனோ இருக்கும், மேக்னட்டோவும் டைனமோவும் ஒண்ணா கட்டினது. கூடவே நம்ம கறுப்புப் பெட்டி. அதுல நாலு முனை: எஃப், ஏ, டி, இ. ஃபீல்டு, ஆம்மீட்டர், டைனமோ, எர்த்.

அந்த ஆம்மீட்டர ஞாபகம் இருக்கா? ஹெட்லைட்டுக்கு மேல வட்டமா, முள்ளு ஆடிக்கிட்டே இருக்குமே. ரொம்பப் பேரு அதை அழகுக்குன்னு நினைச்சிருப்பாங்க. உண்மையில அது இந்தப் பெட்டியோட நாடித்துடிப்பு.

இதே காலத்துல டெல்லியில வேற ஒண்ணு நடந்துச்சு. வெளிநாட்டுப் பாகத்த வெறுமனே பூட்டி விக்கிற கம்பெனிகள் வேணாம், இங்கயே தயாரிக்கறவங்கதான் வேணும்னு அரசு கறாரா நின்னுச்சு. 1950கள் முடியும்போது அந்நியச் செலாவணி நெருக்கடி. இறக்குமதி இறுகிடுச்சு. 1961ல டி.வி.எஸ்ஸும் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில லூகாஸ்-டி.வி.எஸ் ஆலையத் தொடங்கினது இந்தப் பின்னணியிலதான். இன்னைக்கும் பாடியில "லூகாஸ்"னு சொன்னா பஸ்ஸு நிக்கும். பர்மிங்ஹாம் விளக்குக்காரர் பேரு சென்னை பஸ் ஸ்டாப் ஆன கதை அது!

ஆனா ஆலை வந்துட்டா உடனே எல்லா ஊர்லயும் ஸ்பேர் கிடைச்சிடுமா என்ன? பழைய வண்டிக்காரங்களுக்குப் புதுப் பெட்டி சுலபமா கிடைக்கல. அதனால அதை ரிப்பேர் பண்ற ஆளுங்க உருவானாங்க. பேட்டரிக் கடை, காயில் கட்டுற கடை, "இங்கு டைனமோ, செல்ஃப் மோட்டார் பழுது பார்க்கப்படும்"னு கையால எழுதின போர்டு. அம்பாசடர் கார்லயும் டைனமோதான், லூகாஸ் முறைப் பெட்டிதான். அதனால ஒரு வேலையக் கத்துக்கிட்டா காருக்கும் ஆச்சு, பைக்குக்கும் ஆச்சு. இந்த வரலாறு எந்தக் கம்பெனியோட பொன்விழா மலர்லயும் இருக்காது.

அப்படி ஒருத்தரத்தான் இந்த எபிசோடுக்காகப் பாக்கப் போனேன். பெரிய முதலியார்சாவடி. புதுச்சேரியிலிருந்து இ.சி.ஆர்ல வடக்கே போனா கோட்டக்குப்பத்தத் தாண்டி வரும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில் போற செம்மண். இன்னும் வடக்கே போனா மரக்காணம் உப்பளம். ஆரோவில் பக்கம் இருக்கறதால இந்தச் சுத்துவட்டாரத்துல பழைய புல்லட், ஜாவா, ராஜ்தூத் எல்லாம் இன்னமும் ரோட்டுல பாக்கலாம்.

அங்க பட்டறைக்கு வந்திருந்தது 1950கள்ல திருவொற்றியூர்ல பூட்டின ஒரு புல்லட். வண்டிக்காரர் எழுபது தாண்டினவர், அப்பா வாங்கின வண்டி. ஒன்பது வருஷமா அது பகல்ல மட்டும்தான் ஓடுது. ஏன்னா ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஹெட்லைட் பல்பு வரிசையா போயிருக்கு, பேட்டரி கொதிச்சிருக்கு. எங்கயோ ஒரு கடையில காட்ட, "கட்-அவுட் செத்துப் போச்சு, இனி இந்தப் பாகம் கிடைக்காது"ன்னு கம்பியக் கழட்டி விட்டுட்டாங்க. மேக்னட்டோ வண்டிங்கறதால பேட்டரி இல்லாமலே இன்ஜின் ஓடும். அதனால அவரும் பொழுது சாயறதுக்குள்ள வீடு திரும்பிட்டு இருந்திருக்கார். இப்ப மகன் வெளிநாட்டுலேர்ந்து ஒரு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் அனுப்பியிருக்கார். பழசத் தூக்கிட்டு இதப் போட்டுடுங்கன்னு.

பட்டறை அண்ணன் உடனே எதையும் கழட்டல. முதல்ல டைனமோ உயிரோட இருக்கான்னு பாத்தார். டைனமோவுல டி, எஃப் ரெண்டு கம்பியையும் கழட்டி, அந்த ரெண்டு முனையையும் ஒண்ணா இணைச்சு, அதுக்கும் பாடிக்கும் நடுவுல மீட்டர். இன்ஜின ஐட்லிங்குக்குக் கொஞ்சம் மேல வெச்சா வோல்டேஜ் ஏறணும். ஏறல. ஒன்பது வருஷம் சும்மா கிடந்ததுல ஃபீல்டு இரும்புல ஒட்டிக்கிட்டு இருந்த கொஞ்சநஞ்ச காந்தமும் போயிருந்துச்சு. அந்த மிச்சக் காந்தம் இல்லன்னா டைனமோவால தன்னைத்தானே கிளப்பிக்க முடியாது. பேட்டரியிலேர்ந்து ஒரு கம்பிய எஃப் முனையில ஒரு நொடி தொட்டு எடுத்தார். இதைச் செய்யறப்ப வண்டிக்கு எந்த முனை எர்த்துன்னு தெரிஞ்சிருக்கணும். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டி பலதும் இன்னைக்கு மாதிரி இல்ல, பாசிட்டிவ்தான் எர்த். மறுபடி ஸ்டார்ட். மீட்டர் ஏறிச்சு.

அப்புறம் அவர் போனது பெட்டிக்கு இல்ல, பெட்டியிலேர்ந்து ஃபிரேமுக்குப் போற இ கம்பிக்கு. போல்ட்டக் கழட்டினா வாஷருக்குக் கீழ செம்பு பச்சையா பூத்திருக்கு, ஃபிரேம் பக்கம் துரு. கடல் காத்து. இந்தக் கரையில எந்த இரும்பும் தப்பாது.

இங்கதான் கதையோட முடிச்சு. ரெகுலேட்டர் காயில் வோல்டேஜ அளக்கறது டி முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல. எர்த் கெட்டுப் போனா காயிலுக்கு மின்சாரமே ஒழுங்கா ஓடாது. வெளியில 8 வோல்ட், 10 வோல்ட்னு ஏறினாலும் அதுக்கு "இன்னும் பத்தல"ன்னுதான் தெரியும். பாயிண்டத் திறக்காது. ஃபீல்டு முழு பலத்துல, டைனமோ கட்டவிழ்ந்து ஓடும். பல்பு போகும், பேட்டரி கொதிக்கும். பெட்டி சாகல மக்களே, அதுக்குக் கண்ண மறைச்சிருந்துச்சு. எங்க பாஷையில சொன்னா கோடுல பிழை இல்ல, சென்சார் டேட்டா தப்பு. புது எலக்ட்ரானிக் ரெகுலேட்டர அதே துருப்பிடிச்ச போல்ட்டுல மாட்டியிருந்தா அதுவும் இதே பாடுதான் பட்டிருக்கும்.

எர்த்தச் சுரண்டி, புதுக் கம்பி போட்டு, கிரீஸ் தடவினார். அதுக்கப்புறம்தான் மூடியத் திறந்தார். ரெகுலேட்டர் பாயிண்டு கறுத்துப் போயிருந்துச்சு. அதை மெல்லிய எமரியால தேய்ச்சார். கட்-அவுட் பாயிண்டுக்கு மட்டும் எமரி கூடாது, கண்ணாடித் தூள் ஒட்டின நைஸ் பேப்பர்தான்னு சொன்னார். வீட்டுக்கு வந்து பழைய லூகாஸ் சர்வீஸ் குறிப்பப் பாத்தேன். அதே விஷயம், அதே எச்சரிக்கை. அண்ணன் அதைப் படிச்சவர் இல்ல. அவருக்கு வேலை கத்துக்கொடுத்தவர் சொன்னது, அவருக்கு அவரோட வாத்தியார் சொன்னது.

செட்டிங் பண்றது இன்னும் நாசூக்கு. கட்-அவுட் பாயிண்டுக்கு நடுவுல ஒரு காகிதத் துண்டு சொருகி பேட்டரியப் பிரிச்சு வெச்சார். டி, இ நடுவுல மீட்டர். இன்ஜின் வேகத்த மெல்ல ஏத்தினா வோல்டேஜ் ஏறி ஒரு இடத்துல நிக்கணும். 6 வோல்ட் வண்டிக்கு அது 8 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழ. அட்ஜஸ்ட் ஸ்க்ரூவத் திருப்பறதெல்லாம் அரை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். நேரம் ஆனா காயில் சூடாகி ரீடிங் பொய் சொல்லும். அவர் காகிதத்த உருவினதும் உள்ள "டிக்"னு ஒரு சத்தம். ஆம்மீட்டர் முள்ளு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் நகர்ந்துச்சு. வண்டிக்காரர் ஒண்ணும் பேசல. போய் ஹெட்லைட் சுவிட்ச்சப் போட்டுப் போட்டு அணைச்சார், மூணு நாலு தடவை.

இப்ப மகன் அனுப்பின எலக்ட்ரானிக் பெட்டி? இதுல எனக்கும் பட்டறை அண்ணனுக்கும் கொஞ்சம் வாக்குவாதம் ஆச்சு. தொழில்நுட்பம் ஏன் நகர்ந்துச்சுன்னு நமக்குத் தெரியும். டைனமோவுக்கு பிரஷ் தேயும், பாயிண்டு கருகும், மெதுவா போனா சார்ஜே ஏறாது. 1960கள்ல சிலிக்கான் டயோடு மலிவானதும் கார்ல ஆல்டர்னேட்டர் வந்துச்சு. பிரிட்டிஷ் பைக்குகள்ல 12 வோல்ட்டும் ஜீனர் டயோடும் வந்துச்சு. மிச்ச மின்சாரத்தச் சூடாக்கிக் காத்துல விடுற முறை. அதோட வழி வந்ததுதான் இன்னைக்கு உங்க பைக்குல அலுமினியத் துடுப்பு வெச்சிருக்கிற ரெகுலேட்டர். அசையற பாகமே கிடையாது. தினமும் ராத்திரி இ.சி.ஆர்ல லாரிக்கு நடுவுல போறவருக்கு நான் எலக்ட்ரானிக்தான் சொல்வேன். இப்ப பழைய லூகாஸ் மூடிக்குள்ளேயே அடங்குற மாதிரி செய்யறாங்க, பாத்தா வித்தியாசமே தெரியாது.

அண்ணனோட வாதம் வேற. "தம்பி, அது கெட்டா நான் என்ன பண்ணுவேன்? உள்ள பிசின் ஊத்தி மூடியிருக்கான். இதத் திறந்தா எனக்கு எல்லாம் தெரியுது." நான் பேட்டரி ஆயுள், சீரான வோல்டேஜ்னு அடுக்கிப் பாத்தேன். ஒத்துக்கிட்டார், ஆனா மசியல. இந்த வண்டிக்கு அவர் சொன்னதுதான் சரின்னு நானும் நினைக்கிறேன். வாரத்துக்கு ரெண்டு நாள் ஓடப் போற வண்டி, பக்கத்துலயே அதைத் திறக்கத் தெரிஞ்ச ஆளு. ஆனா அவருக்கும் அறுபது ஆகுது. பட்டறையில வேலை கத்துக்கற பையன் யாரும் இல்ல. அவருக்கு அப்புறம் அந்தப் பெட்டிய யாரு திறப்பாங்கன்னு கேட்டேன். மகன் அனுப்பின எலக்ட்ரானிக் ரெகுலேட்டரக் காட்டி, "அப்ப இதப் போட்டுக்கட்டும்"னார்.

வண்டிக்காரர் அதை அட்டைப்பெட்டியோட டூல் பாக்ஸ்ல வெச்சுக்கிட்டார். நான் கிளம்பறப்ப மணி ஆறரை, இருட்டிக்கிட்டு வந்துச்சு. அவர் அவசரப்படாம டீ சொல்லி உக்காந்தார்.

உங்க வீட்டுல, தாத்தாவோட ஷெட்டுல இப்படி லூகாஸ்னு பேர் பொறிச்ச பெட்டி கிடந்தா மூடியத் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. உடம்புல மாசமும் வருஷமும் சின்ன எண்ணா அடிச்சிருப்பாங்க, அதையும் சேர்த்து எடுங்க. அடுத்த எபிசோட் மேக்டைனோவோட இன்னொரு பாதி, மேக்னட்டோ பத்தி.